ஹைட்டி கிராமத்தில் பள்ளிக்கூடம் ஏன் திருச்சபையின் தலையில் விழுகிறது?

2021 அக்டோபரில் ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு அருகே 17 மிஷனரிகள் கடத்தப்பட்டார்கள். 16 பேர் அமெரிக்கர்கள், ஒருவர் கனடாக்காரர். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 2024 மே மாதம் ஓர் இளம் அமெரிக்க மிஷனரித் தம்பதியும் அவர்களோடு வேலை பார்த்த ஹைட்டிக்காரர் ஒருவரும் அதே தலைநகரில் ஆயுதக் கும்பலால் கொல்லப்பட்டார்கள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நம் வாசகர்கள் கேட்பது மூன்று கேள்விகள்: அங்கே இவர்களுக்கு என்ன வேலை? மதம் மாற்றப் போனார்களா? அந்த நாட்டு அரசு பள்ளிக்கூடம் கட்டாதா?

மூன்றாவதிலிருந்து தொடங்குவதுதான் சரி. அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும்.

1. கிராமத்துக்கு வராத அரசு

ஹைட்டி கரீபியனில் உள்ள நாடு. ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி அது. கிழக்கே டொமினிக்கன் குடியரசு. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். வென்றவர்களிடமே தோற்ற நாடு நஷ்டஈடு கேட்ட கூத்து 1825இல் நடந்தது. போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட வாங்கிய கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று பல தலைமுறைகள் போயின. காப்பி ஏற்றுமதி வரியில் வந்த பணத்தில் பெரும்பங்கு இப்படிக் கடல் தாண்டியது. அந்தக் காப்பியை விளைவித்தவர்கள் மலைக்கிராம விவசாயிகள். அவர்கள் ஊருக்குப் பள்ளி வரவில்லை.

இடைவெளியை நிரப்பியது திருச்சபை. விடுதலைக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஹைட்டியோடு முறையான உறவு இல்லாமல் இருந்த வத்திக்கான், 1860இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பின் பிரான்சிலிருந்து துறவற சபைகள் வந்து பள்ளிகளைத் தொடங்கின. நல்ல பள்ளிகள்தான், ஆனால் பெரும்பாலும் நகரங்களில், வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு. கிராமத்துக்குக் கிடைத்தது பங்குச் சாமியாரின் சிற்றாலயமும், அதே கூரைக்குக் கீழே ஒரு கரும்பலகையும். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகள் பெருகியபோது அவையும் இதே வழியைப் பின்பற்றின: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் கூடம், திங்கட்கிழமை வகுப்பறை.

1987 அரசியலமைப்பு தொடக்கக் கல்வி இலவசம், கட்டாயம் என்கிறது. ஆனால் இன்றும் நாட்டின் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு அரசுப் பள்ளிகள் அல்ல. திருச்சபை, தொண்டு நிறுவனம், ஊர்க்குழு, தனியார் என்று யாரோ ஒருவர் நடத்துகிறார். லாபத்துக்காகத் திறக்கப்படும் தரமற்ற பள்ளிகளை மக்களே ‘லாட்டரிப் பள்ளி’ என்று கிண்டல் செய்வார்கள். காசு கட்டிவிட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் பிள்ளை படித்து வரும்!

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். நம்மூரிலும் மிஷன் பள்ளிகள் உண்டே என்று. உண்டு, ஆனால் ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்ற ஏற்பாடும் உண்டு. கட்டடம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. ஹைட்டியின் கிராம மிஷன் பள்ளிகளுக்குப் பொதுவாக அந்த இரண்டாம் பாதி கிடையாது. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் அதுதான்.

2. கான்ஜ்: ஒரு மிஷன் வளர்ந்த வரிசை

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரைப் பார்க்கலாம். நடு ஹைட்டியின் மலைப்பகுதியில், தலைநகரிலிருந்து மிர்பலே வழியாக வடக்கே ஏறும் சாலையில் இருக்கிறது கான்ஜ்.

ஆர்ட்டிபோனிட் ஆற்றின் குறுக்கே பெலிக்ர் அணை 1956இல் கட்டி முடிக்கப்பட்டது. அமெரிக்கக் கடன், அமெரிக்கப் பொறியாளர்கள். கீழேயுள்ள சமவெளிக்குப் பாசனம் கிடைத்தது, 1971 முதல் மின்சாரமும் வந்தது. அது போனது தலைநகருக்கு. அணைக்கு மேலே ஆற்றோரத்தில் நல்ல மண்ணில் பயிர் செய்துகொண்டிருந்த குடும்பங்களின் நிலம் நீருக்கடியில் போய்விட்டது. மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். அங்கே கல்லும் சரிவும்தான். சோளம் விதைத்தால் ஒரு பெருமழையில் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும். தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கி ஏற வேண்டும், மின்கம்பி தலைக்கு மேலே போகும்.

இந்த மக்கள் நடுவே வேலை தொடங்கியவர் ஃபிரிட்ஸ் லஃபோந்தான். ஹைட்டிக்காரர், எபிஸ்கோபல் திருச்சபையின் குருவானவர். (நம்மூர் சி.எஸ்.ஐ. அங்கம் வகிக்கும் அதே உலக ஆங்கிலிக்கன் கூட்டமைப்பைச் சேர்ந்த சபை அது. ஹைட்டியில் அதைத் தொடங்கியவரும் வெள்ளைக்காரர் அல்லர். 1861இல் அமெரிக்காவிலிருந்து கறுப்பினக் குடும்பங்களோடு குடியேறிய ஜேம்ஸ் தியோடர் ஹோலி. கூட வந்தவர்களில் பலர் சீக்கிரமே நோயில் இறந்தார்கள். அவர் நாடு திரும்பவில்லை, 1874இல் பேராயரானார். ‘மிஷன்’ என்றதும் வெள்ளை முகம் நினைவுக்கு வருவதற்கு முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

லஃபோந்தானும் அவர் மனைவியும் சிற்றாலயத்தோடு பள்ளிக்கூடமும் கட்டினார்கள். பிறகு நடந்ததன் வரிசை முக்கியம். அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஓர் எபிஸ்கோபல் மறைமாவட்டம் தன் பொறியாளர்களை அனுப்பி, கீழே இருந்த ஊற்று நீரை மேலே கொண்டுவந்தது. சுத்தமான நீர் வந்ததும் பச்சிளங் குழந்தைகளின் சாவு குறையத் தொடங்கியது. அப்புறம் கழிப்பறைகள், ஓலைக் கூரைக்குப் பதில் தகரக் கூரைகள். 1983இல் அங்கு வந்த பால் ஃபார்மர் என்ற, பின்னாளில் மருத்துவரான அமெரிக்க இளைஞரின் முயற்சியில் 1980களின் நடுவில் மருத்துவமனை. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘சான்மி லசான்டே’ என்ற ஹைட்டி அமைப்பும், 1987இல் பாஸ்டனில் பதிவான அதன் துணை அமைப்பும். இன்று உலகப் புகழ் மருத்துவத்துக்கு. ஆனால் ஊரில் முதலில் முளைத்தது சிற்றாலயமும் கரும்பலகையும்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். பள்ளியைக் கட்டிவிட்டு, பிள்ளைகள் ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்பார்கள். காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கும் பெண்பிள்ளை எட்டு மணி மணியடிப்புக்கு எப்படி வந்து சேரும்? கான்ஜில் தண்ணீர் மேலே ஏறியது பள்ளிக்கும் செய்த உதவிதான்.

3. நிலம் யாருடையது?

ஓர் ஊரில் ‘பள்ளிக்கு இடம் தருகிறோம்’ என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பத்திரம் வரை போக வேண்டிய தூரம் இது:

1. பெரும்பாலான விவசாய நிலம் தாத்தா பெயரிலோ, அவருடைய தாத்தா பெயரிலோ பிரிக்கப்படாமல் கிடக்கும். வாரிசுகள் வாய்ப்பேச்சில் பங்கு பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். விற்கவோ தானம் தரவோ எல்லா வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் மியாமியில் இருப்பார், ஒருவர் எல்லை தாண்டி டொமினிக்கன் கரும்புக் காட்டில் இருப்பார்.
2. உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து அளக்க வேண்டும். அளக்கும் நாளில் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் உடன் நிற்பது அவசியம். பின்னாளில் வழக்கு வந்தால் காகிதத்தைவிட அவர்கள் வாய்ச்சொல்தான் எடுபடும்.
3. ‘நோட்டேர்’ எனப்படும் பத்திர அலுவலரிடம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதற்குமான நம்பகமான நிலப் பதிவேடு இல்லாததால், ஒரே துண்டுக்கு இரண்டு பத்திரம் இருப்பது அதிசயமில்லை.
4. வாங்குவது யார்? 1805 அரசியலமைப்பு, எந்த வெள்ளையரும் எஜமானராகவோ சொத்துக்காரராகவோ இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றது. அமெரிக்கப் படைகள் நாட்டை ஆண்ட 1915–1934 காலத்தில், 1918இல் அந்தத் தடை எடுக்கப்பட்டது. இப்போதைய சட்டம் வெளிநாட்டவருக்கு வரம்போடு அனுமதி தருகிறது: அங்கே வசிக்க வேண்டும், நிலம் குடியிருப்புக்கோ தொழில், மதம், கல்வி, மனிதநேயப் பணி போன்றவற்றுக்கோ பயன்பட வேண்டும்.

ஹைட்டி மறைமாவட்டத்தின் பெயரிலோ உள்ளூர்ச் சபையின் பெயரிலோ பத்திரம் இருந்தால் நான்காவது சிக்கல் அடங்கும். தனி மிஷனரியின் பெயரிலோ உள்ளூர்ப் போதகரின் சொந்தப் பெயரிலோ இருந்தால், அவர் இறந்த மறுநாள் பள்ளி வளாகம் அவர் வாரிசுகளின் சொத்து.

4. சுவரும் கூரையும்

2008 நவம்பர் 7 அன்று தலைநகரை அடுத்த பெட்டியோன்வில்லில், ஒரு போதகர் நடத்திவந்த பள்ளிக் கட்டடம் வகுப்பு நேரத்தில் இடிந்து விழுந்தது. 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை. தன் எடையைத் தானே தாங்காமல் விழுந்தது. பதினான்கு மாதங்கள் கழித்து, 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவிலான நிலநடுக்கம் வந்தபோது அதே வகைக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் சரிந்தன. 2021 ஆகஸ்ட் 14 அன்று தெற்குத் தீபகற்பத்தை 7.2 அளவில் ஒன்று உலுக்கியது. விடுமுறைக் காலம், அதுவும் சனிக்கிழமை; வகுப்புகளில் பிள்ளைகள் இல்லை.

ஹைட்டியில் கட்டுவோரை இரண்டு பேய்கள் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. புயலுக்குக் கனமான கான்கிரீட் கூரை நல்லது. 2016 அக்டோபரில் மேத்யூ புயல் தென்மேற்கில் தகரக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். நிலநடுக்கத்துக்கோ அதே கான்கிரீட் பலகைதான் கொலைகாரன். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் வழி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சுவர்க்கட்டை முதலில் எழுப்பி, அதன் ஓரங்களில் கம்பி கட்டிக் கான்கிரீட் தூண் வார்த்து, மேலே சுற்றிலும் ஒரு பட்டைவிட்டத்தால் இறுக்கிப் பிடிப்பது. கூரை மரச்சட்டத்தில் தகரம், ஒவ்வொரு சட்டமும் இரும்புப் பட்டியால் விட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தவறு நடப்பது சின்னச் சின்ன இடங்களில். சிமெண்ட்டை மிச்சம் பிடித்து வார்த்த ஹாலோ பிளாக், கையில் அழுத்தினால் ஓரம் உதிரும். கம்பி முறுக்குக் கம்பியாக இல்லாமல் வழவழப்பாக இருக்கும், கான்கிரீட் அதைப் பற்றாது. தூணைச் சுற்றும் வளையக் கம்பிகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி விட்டிருப்பார்கள். கடற்கரை மணலைக் கழுவாமல் கலந்தால் உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும். இதையெல்லாம் ஊர்க் கொத்தனாருக்குக் கற்றுக்கொடுப்பதற்கு ஆகும் செலவு, வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒரு பத்துப் பேரின் விமான டிக்கெட்டைவிடக் குறைவு. கற்ற கொத்தனார் அடுத்த வீட்டையும் ஒழுங்காகக் கட்டுவார்.

ஆலயக் கூடத்தையே பள்ளியாக வைப்பதில் இன்னொரு வம்பு. நான்கு வகுப்புகள் நான்கு மூலையில், நடுவே தடுப்பாகக் கரும்பலகைகள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் பிரெஞ்சு வினைச்சொல், எல்லாம் கத்தி ஒப்பிப்பதுதான். கடைசி பெஞ்சுக்கு எந்த வகுப்பு தன் வகுப்பு என்பதே குழப்பம்.

5. செப்டம்பர் மாதக் கணக்கு

கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியர் சம்பளம் மாதாமாதம். நன்கொடையாளருக்குப் பிடித்தது முதலாவது, ஏனென்றால் அதில் கல்வெட்டு வைக்கலாம். மிஷன் பள்ளிகள் தடுமாறுவது இரண்டாவதில்தான்.

பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாமே? வாங்குகிறார்கள். கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் கட்டணம், சீருடை, காலணி, புத்தகம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். விவசாயியிடம் ரொக்கம் இருக்காது. ஆட்டையோ பன்றியையோ சந்தைக்கு ஓட்டிப் போவார். ஊரே அதே வாரத்தில் ஓட்டி வந்தால் விலை படுத்துவிடும்.

இந்த ரொக்கம் வற்றியதற்குப் பின்னால் இரண்டு வெளிநாட்டு முடிவுகள் உண்டு.

1. ஹைட்டியின் கறுப்பு நாட்டுப்பன்றி கிடைத்ததைத் தின்று வளரும். அதுதான் விவசாயியின் சேமிப்புக் கணக்கு. 1978இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீவில் பரவியதும், அமெரிக்காவின் முன்முயற்சியில் நாட்டுப்பன்றிகள் அத்தனையும் 1983க்குள் கொன்று ஒழிக்கப்பட்டன. பதிலுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து வந்த பன்றிகளுக்குத் தீவனம் வேண்டும், நிழற்கூரை வேண்டும், சிமெண்ட் தரை வேண்டும். ‘நாலுகால் இளவரசர்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். பன்றி போனதும் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள்.
2. 1995இல் அரிசி இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, ஆர்ட்டிபோனிட் சமவெளியின் நெல் விவசாயி அதனோடு போட்டி போட முடியவில்லை. அந்தக் கொள்கையைத் தள்ளிய பில் கிளிண்டனே 2010இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு வருத்தம் தெரிவித்தார்.

ஆகவே பள்ளியில் மதிய உணவு போடும் மிஷன்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்று கல் வைத்து, பெரிய அலுமினியப் பானையில் தாய்மார்கள் சோறும் பீன்ஸும் சமைக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் அரிசி மூட்டையில் அமெரிக்க முத்திரை. பிள்ளையின் வயிறு நிறைகிறது, அதே பிள்ளையின் அப்பா விளைவித்ததை வாங்க ஆள் இல்லை. உள்ளூரில் தானியம் வாங்கிச் சமைப்பது கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், அந்த வித்தியாசத்தைத் தருவதுதான் கட்டடம் தருவதைவிடப் பெரிய தானம்.

அரசும் ஒருமுறை முயன்றது. 2011இல் அதிபர் மிஷேல் மார்டெலி இலவசக் கல்வித் திட்டம் அறிவித்தார். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் 1.50 டாலர், வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடத்துக்கு 5 சென்ட் என்று வசூலித்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்குத் தருவது யோசனை. நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. கட்டணம் வாங்காதே என்றார்கள், பணமோ காலதாமதமாக வந்தது, இல்லாத பள்ளிகளின் பெயரில் பணம் எடுத்ததாகப் புகார்கள் வேறு. ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி நின்றார்கள்.

மிச்சமிருக்கும் வழி, வெளிநாட்டுச் சபையொன்று ஆண்டுதோறும் அனுப்பும் பணம். பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற முறை பரவலானது. அதன் பலவீனம் வெளிப்படை: ஓஹியோவில் ஒரு சபை இரண்டாக உடைந்தால், ஹைட்டி மலையில் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் நிற்கும்.

6. மதமாற்றம்தானே நோக்கம்?

ஹைட்டி மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஆகவே இங்கே நடப்பது பெரும்பாலும் கத்தோலிக்கத்துக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் இடையிலான இழுபறியும், ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து அங்கே வேரூன்றிய வோடு வழிபாட்டின் மீதான அழுத்தமும். பலர் ஞாயிறு ஆலயத்துக்கும் போவார்கள், வோடு சடங்கையும் விட மாட்டார்கள். 1941–42இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு வோடு மேளங்களையும் கோயில்களையும் அழித்த பிரச்சாரம் இன்னும் மறக்கப்படவில்லை. 2003இல்தான் வோடு அரசால் மதமாக முறையாக ஏற்கப்பட்டது. பள்ளியில் இடம் வேண்டுமானால் சடங்கை விடு என்று சொல்லும் மிஷன்கள் இருக்கத்தான் செய்கின்றன. வேறு பள்ளி இல்லாத ஊரில் அது கட்டாயம் அன்றி வேறென்ன?

அதே நேரம், 2010 நிலநடுக்கத்தை அடுத்து, முறையான அனுமதிப் பத்திரம் இல்லாமல் 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று கைதான 10 அமெரிக்கர்களையும், கான்ஜின் லஃபோந்தானையும் ஒரே கூடையில் போடுவது சோம்பேறித்தனம். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பிள்ளையாவது படிக்கட்டும் என்று நம்பிக் கொடுத்திருந்தார்கள். ஊரிலேயே ஒரு நல்ல பள்ளி இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

7. இப்போதைய நிலை

2021 ஜூலை 7 அன்று அதிபர் ஜோவனல் மோயிஸ் கொல்லப்பட்டபின் ஆயுதக் கும்பல்களின் பிடி இறுகியது. 2025 மார்ச் இறுதியில் அவை மிர்பலேயைத் தாக்கின. கான்ஜில் தொடங்கிய அதே மருத்துவ அமைப்பு அங்கே நடத்திவந்த 300 படுக்கை மருத்துவமனையும் மூடப்பட்டது. நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து அலைகிறார்கள். பல பள்ளிக் கட்டடங்களே அகதி முகாம்கள். வெளிநாட்டு மிஷனரிகளில் பலர் கிளம்பிவிட்டார்கள்.

இங்கேதான் நிலச் சட்டத்தின் இன்னொரு வரி வேலை செய்யத் தொடங்குகிறது. வெளிநாட்டவர் நாட்டில் வசிப்பதை நிறுத்தி, அல்லது அவர் நிறுவனத்தின் பணி நின்று, ஐந்து ஆண்டுகள் ஆனால் அந்த நிலத்தின் மீதான அவர் சொத்துரிமை முடிகிறது என்கிறது 1987 அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு. 2021இல் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் கெடு 2026. உள்ளூர் மறைமாவட்டத்தின் பெயரில் பத்திரம் உள்ள வளாகங்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது. அங்கே தீர்க்க வேண்டியது சம்பளப் பட்டியல் ஒன்றுதான். அதற்கான பணம் வங்கி திறந்திருக்கும் ஊர்வரை வந்து சேர வேண்டும்.